சிறுகொடை: மாக் மண்டினிலிருந்து தமிழகம் செல்லும் கைப்பொருள்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் வரையறையும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தை ஒட்டி இருக்கிறது மாக் மண்டின். தொழிற்பேட்டை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் ஆகியவற்றால் அறியப்படும் பகுதி அது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, கடல் கடந்து வந்து மூன்று நான்கு தலைமுறை ஆன பின்னும் தமிழகத்து உறவை அறவே விட்டுவிடவில்லை. குலதெய்வ வழிபாடு, பங்காளி வீட்டுத் திருமணம், இராமேசுவர யாத்திரை என ஏதேனும் ஒரு காரணத்தால் பயணம் அமைகிறது. பயணம் உறுதியானதும் வீட்டில் எழும் முதற்கேள்வி, “அங்க உள்ளவங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போறது?” என்பதே. அக்கேள்விக்கு முறையான விடை காண்பதே நம் நோக்கம்.

இவ்வகைப் பொருளை நாம் ‘சிறுகொடை’ எனக் குறிப்போம். வெளிநாடு செல்பவர் தம் வாழிடத்திலிருந்து எடுத்துச் சென்று, பலருக்குப் பகிர்ந்தளிப்பதும், பெறுபவர் மேல் திருப்பிச் செய்யும் கடமையை ஏற்றாததும் ஆகிய எளிய பொருளே சிறுகொடை. வாழிடத்திலிருந்து செல்லுதல், பலருக்குப் பகிரப்படுதல், கைம்மாறு வேண்டாமை ஆகிய மூன்றும் இவ்வரையறையின் உறுப்புகள். ஒன்று குறைந்தாலும் பொருள் வேறு வகைக்குப் போய்விடும்.

மூன்றாம் உறுப்பே எளிதில் மறக்கப்படுவது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியான தம் கொடை பற்றிய ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என மூன்று கடமைகள் கொடையில் பிணைந்திருப்பதைக் காட்டினார். நம் மொய்யும் சீரும் இதற்குத் தெளிவான சான்றுகள். மொய் நோட்டில் எழுதப்பட்ட தொகை என்றேனும் ஒருநாள் திரும்பியாக வேண்டும். தாய்மாமன் சீர் முறைப்படி வந்தாக வேண்டும். சிறுகொடை இவ்விரண்டிலும் சேராது. அது கணக்கில் ஏறாத அளவுக்குச் சிறியதாக இருப்பதனாலேயே சிறுகொடை ஆகிறது. ஆகவே குறைந்த விலை என்பது இங்கே கொடுப்பவரின் சிக்கனத்தைக் குறிப்பதன்று. பெறுபவரைக் கடனாளியாக்காத நாகரிகம் அது. கிராமத்தில் வாழும் ஒரு சித்தப்பாவுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைத் தந்தால், அவர் மறுநாளே எங்கேனும் கடன் வாங்கி நமக்கு வேட்டியும் புடவையும் எடுத்து வைக்கக்கூடும். அந்நிலையை உண்டாக்கியது அவருடைய பெருமித உணர்வு என்று சொல்லித் தப்ப முடியாது. நம் தெரிவே அதற்குக் காரணம்.

பயணி தமக்கென வாங்கும் நினைவுப்பொருளும், கேட்டனுப்பிய பொருளைக் காசுக்கு வாங்கிச் சேர்ப்பதும் இவ்வாய்வுக்குப் புறம்பானவை.

2. அருமைக் காலமும் அதன் முடிவும்

சிறுகொடையின் மதிப்பு எல்லாக் காலத்தும் ஒரே காரணத்தால் அமைந்ததில்லை. கப்பல் காலத்தில் ஒரு காரணம், இன்று வேறு.

1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ அவ்வழியை ஏற்றது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு, பயணியர் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. அக்காலப் பயணியின் டிரங்குப் பெட்டியில் டார்ச் விளக்கு, நைலான் சேலை, வாசனைச் சோப்பு, முகப்பவுடர், குடை, தகர டப்பாவில் அடைத்த பிஸ்கட் எனப் பலவும் இருந்தன. இவற்றுள் பினாங்கின் மண்ணில் விளைந்ததோ பினாங்குக் கையால் ஆனதோ மிகக் குறைவு. பல பொருள்கள் இங்கிலாந்திலோ ஜப்பானிலோ செய்யப்பட்டவை. ஆயினும் அவை கொண்டாடப்பட்டன. ஏனெனில் இந்தியச் சந்தையில் அவை கிடைக்கவில்லை. இவ்வகை மதிப்பை நாம் ‘அருமை மதிப்பு’ என்போம்: பெறுபவரின் ஊரில் பொருள் இல்லாமையால் மட்டுமே அதற்கு உண்டாகும் மதிப்பு.

அருமை மதிப்புக்கு அடிப்படையாக இருந்தது இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தமும், 2001 ஏப்ரலுக்குள் நுகர்பொருள் இறக்குமதி மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியதும் அவ்வடிப்படையைக் கரைத்துவிட்டன. இன்று காரைக்குடியிலும் பரமக்குடியிலும் கிடைக்காத சோப்பு என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஆயினும் நம் குடும்பங்களில் பழைய பட்டியலே பெருமளவு தொடர்கிறது. பாட்டி சோப்பு கொண்டுபோனார், ஆகவே நாமும் கொண்டுபோகிறோம். பெறுபவரும் முகங்கோணாமல் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே. காரணம் மறைந்த பின்னும் நீடிக்கும் இவ்வழக்கத்தை மாற்றவே தெரிவு பற்றிய ஆய்வு தேவைப்படுகிறது.

3. பெறுநர் வகைகள்

பொருளை வகுக்குமுன் ஆளை வகுக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் தெரிவு பிழைபடும்.

தமிழகத்துப் பயணத்தில் பெறுநர் மூவகையர். முதல் வகை முறைப் பெறுநர்: பெரியப்பா, அத்தை, மாமன், மைத்துனர், கொழுந்தியாள் என உறவுமுறையால் எதிர்பார்ப்பு உடையவர்கள். இரண்டாம் வகை பணிப் பெறுநர்: குலதெய்வக் கோயில் பூசாரி, வாடகை வண்டி ஓட்டுநர், சமையலுக்கு வந்து உதவும் அண்டைவீட்டு அம்மாள் போன்றோர். மூன்றாம் வகை எதிர்பாராப் பெறுநர். மலேசியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேட்டு வாசலில் வந்து நிற்கும் குழந்தைகளும், நம் தாத்தாவோடு விளையாடியதைச் சொல்ல வரும் முதியவரும் இதில் அடங்குவர்.

முறைப் பெறுநரிடத்துச் செல்லும் விதி ஒப்பு விதி. ஒரே படியில் நிற்பவர்க்கு ஒரே பொருள், ஒரே அளவில். இரு மருமகள்களுக்கு இரு வேறு நிறத்தில் சாரோங் கொடுத்தாலும் அதில் ஒரு தரவரிசை படிக்கப்படும். நிறத்தை அவர்களே தெரிந்தெடுக்கும்படி விரித்து வைப்பது அதற்கு மாற்று. பணிப் பெறுநரிடத்துச் சிறுகொடை கூலிக்கு ஈடாகக் கூடாது. உரிய பணத்தைக் கொடுத்த பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வகையே நம் தனிக் கவனத்துக்கு உரியது. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் வந்து நிற்கையில் வெறுங்கையோடு அனுப்புவது, முறைப் பெறுநர் பத்துப் பேருக்குக் கொடுத்த மகிழ்ச்சியையும் குறைத்துவிடும். எனவே மொத்தப் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெயர் எழுதப்படாமல் இருக்க வேண்டும் என்பது நம் முடிவு. அதனை ‘பெயரிலாப் பங்கு’ எனலாம்.

4. பொருளின் இயல்புகள்

சிறுகொடைக்கு வேண்டிய இயல்புகள் நான்கு. அவற்றுள் முதல் மூன்றையும் சுருங்கச் சொல்லலாம்.

இடச்சார்பு என்பது பொருள் நம் ஊரின் மண்ணோடும் கையோடும் கொண்டுள்ள தொடர்பு. பினாங்குப் பாலத்தின் படம் ஒட்டிய காந்த வில்லை இவ்வூரைக் காட்டுகிறதே தவிர, இவ்வூரிலிருந்து பிறந்ததன்று. பின்புறத்தைத் திருப்பினால் வேறு நாட்டின் பெயர் இருக்கும். பகுதிறன் என்பது பிரித்துக் கொடுத்தாலும் ஒவ்வொரு கூறும் முழுமையாக நிற்கும் தன்மை. ஜப்பானியரின் ‘ஒமியாகே’ மரபில் இனிப்புப் பெட்டியின் மேலேயே உள்ளிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை அச்சிடப்படுவதும், ஒவ்வொரு துண்டும் தனித்தனியே உறையிடப்படுவதும் இக்கருத்தை ஒட்டியே. பிலிப்பீன்சு மக்களின் ‘பசலுபோங்’ மரபிலும் பகிர்வே முதன்மை. தாங்குதிறன் என்பது வெப்பம், நசுக்கம், காலம் ஆகிய மூன்றையும் பொறுக்கும் ஆற்றல். கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். ஆதலின் மே மாதத் தமிழகத்துக்குச் சாக்லேட் ஏற்றதன்று.

நான்காம் இயல்பே இவ்வாய்வின் மையம். அதனை ‘அறிமுகப் புதுமை’ என்று பெயரிடுகிறோம். பெறுபவர் தம் வாழ்வில் ஏற்கெனவே நன்கறிந்த ஒன்று, நம் ஊரில் வேறு வடிவம் கொண்டு நிற்பதைக் காணும்போது உண்டாகும் மதிப்பு அது. முற்றிலும் புதிதான பொருள் வியப்பைத் தரும். பின் அலமாரியில் ஏறும். முற்றிலும் அறிந்த பொருளுக்கு வியப்பே இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட பொருளோ பேச்சைத் தொடங்குகிறது. “இது நம்ம ஊர்லயும் உண்டே” என்று பெறுபவர் சொல்லும் கணத்தில், கொடுப்பவரும் பெறுபவரும் சரிநிலைக்கு வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர், உள்ளூர்க்காரர் என்னும் உயர்வு தாழ்வு அங்கே தளர்கிறது. அருமை மதிப்பு போன இடத்தை நிரப்பத் தக்கது இதுவே என்பது நம் கருத்து.

5. பொருள் வகைகள்

அ) உண்பன

ஜாதிக்காயிலிருந்து தொடங்குவது முறை. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் நிறுவிய சில ஆண்டுகளிலேயே, மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு கொண்டுவந்து நட்டது. 1860 வாக்கில் பரவிய நோய் தோட்டங்களை அழித்தும், பாலிக் புலாவ் பகுதியில் இம்மரம் இன்றளவும் நிற்கிறது. தமிழக வீடுகளில் ஜாதிக்காய் என்றால் கொட்டை. பிள்ளைக்கு உரசிக் கொடுக்கும் மருந்து. கொட்டையைப் பொதிந்திருக்கும் தடித்த சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்தித் தின்பது பெரும்பாலான வீடுகளில் அறியாதது. ஜார்ஜ் டவுனின் சௌராஸ்தா சந்தைக் கடைகளில் இச்சீவல் எடைக்கு நிறுத்துத் தரப்படும். ஒரு சீவலை வாயிலிட்டதும் முதலில் இனிப்பும், பின் துவர்ப்பும், இறுதியில் மூக்குவரை ஏறும் அந்தப் பழைய மருந்து மணமும் வரும். அம்மணத்தை எந்தப் பாட்டியும் உடனே இனங்காண்பார். அறிமுகப் புதுமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நாம் அறியோம்.

அடுத்தது தம்புன் பிஸ்கட். விரலிடையில் அடங்கும் உருண்டை. மேலோடு ஏடேடாக உதிரும். உள்ளே வேகவைத்து மசித்த பயற்றம்பருப்பு, அதில் வதக்கிய சின்ன வெங்காயத்தின் மணம், இனிப்போடு சற்றே உப்பு. சுழியம் தின்று வளர்ந்தவருக்குப் பூரணம் புதிதன்று. அதில் வெங்காயம் சேர்வதே புதிது. சீன மரபிலான இப்பண்டத்தின் மேலோட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். இன்று தாவர எண்ணெயில் செய்வாரும் உளர். ஆகவே பெட்டியில் எழுதியுள்ள கலவைப் பொருள்களைப் படிக்காமல் வாங்கலாகாது. வெங்காயம் விலக்கும் வீட்டாருக்கு இது வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மலேசியப் பொதிகளில் உள்ள ஹலால் முத்திரை பன்றிப் பொருள் இல்லை என உறுதி கூறும். மாட்டுப் பொருள் இல்லை என்று கூறாது. மெல்லும் மிட்டாய்களில் சேரும் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். இந்தியப் பொதிகளில் காணும் சைவப் பச்சைப்புள்ளியைப் பார்த்துப் பழகியவர்கள், நம்மை நம்பி வாயில் போடுகிறார்கள். அந்நம்பிக்கைக்கு நாம் பொறுப்பு.

தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி மூங்கிற் குழலில் வார்க்கும் ‘குலா மலாக்கா’வும் இவ்வகையில் சேரும். கருப்பட்டி அறிந்த ஊர்களில், பனைக்குப் பதில் தென்னை, சிரட்டைக்குப் பதில் மூங்கில் என்ற வேறுபாடே நெடும்பேச்சுக்கு இடந்தரும். கனம் மிகுதி என்பதால் வீட்டுக்கு ஒரு கட்டி போதும். மைலோ பானப் பொடியும் ‘3-in-1’ காப்பிப் பொட்டலமும் பகுதிறனில் நிறைந்தவை. பெயரிலாப் பங்குக்கு உதவும். வேறு சிறப்பு அவற்றுக்கு இல்லை.

ஆ) பூசுவன

1928-இல் சிங்கப்பூரில் தோன்றிய கோடாலித் தைலம் இடச்சார்பு விதிப்படி நம்முடையதன்று. தமிழகக் கடைகளிலும் இப்போது கிடைக்கிறது. ஆயினும் முதியோர் இதனைக் கேட்டே வாங்குகின்றனர். மலேசியாவிலிருந்து வந்தவர் கையால் வாங்கிய குப்பி கடையில் வாங்கியதைவிட நன்றாக வேலை செய்யும் என்னும் எண்ணம் அவர்களிடம் உண்டு. கப்பல் காலத்தில் தம்மைத் தேடி வந்தவரின் நினைவு அதில் கலந்திருப்பதால் அதனை நாம் மதிக்கிறோம். இது விதிக்குப் புறனடை. இளையோருக்குப் பினாங்கு ஜாதிக்காய்த் தைலமே தக்கது. கற்பூரம் கலந்த தைலங்களைக் கைக்குழந்தைக்குப் பூசலாகாது என்பதைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

இ) நெய்தனவும் முடைந்தனவும்

கட்டமிட்ட கைலியைக் கொண்டுசெல்வது வீண். மலாய் மக்கள் ‘காயின் பெலிக்காட்’ என வழங்கும் அத்துணி பழவேற்காட்டுப் பெயரைத் தாங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து இங்கு வந்த சரக்கு. கிளந்தான், திரெங்கானு மரபில் வந்த பூவேலைப் பாத்தேக் சாரோங்கே தக்கது. கைவேலைப் பாத்தேக் விலை மிகும். அச்சுப் பாத்தேக் சிறுகொடைக்குப் போதும்.

துணியினும் சிறந்தது மெங்குவாங் முடைவு என்பது நம் துணிபு. தாழை இனத்தைச் சேர்ந்த அவ்விலையைக் கீற்றாக்கி, அவித்து, உலர்த்தி, சாயமேற்றி முடைகிறார்கள். உள்ளங்கை அளவுச் சில்லறைப் பை உடையாது, கெடாது, கனக்காது. பனையோலைக் கொட்டான் முடையும் இராமநாதபுரத்துப் பெண்மணி ஒருவர் அதனைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது வண்ணத்தையன்று. முனையை எப்படி மடித்து முடித்திருக்கிறார்கள் என்பதையே. கைவினை தெரிந்தவர் கைவினை தெரிந்தவரின் வேலையைப் படிப்பது அவ்வாறுதான்.

ஈ) நாணயம்

மிகச் சிறியதும் மிக மலிந்ததும் இதுவே. நம்மவர் பெரிதும் எண்ணிப் பாராததும் இதுவே. 1989-இல் வெளிவந்த மலேசிய நாணய வரிசையில் 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் ‘சொங்காக்’ பலகை, 20 சென்னில் வெற்றிலைத் தட்டம், 50 சென்னில் ‘வாவ் பூலான்’ எனும் நிலாப் பட்டம் பொறிக்கப்பட்டன. 2012-இல் வந்த புதிய வரிசையில் இவை இல்லை. பழையன சில்லறையோடு சில்லறையாக இன்னும் புழங்குகின்றன. சொங்காக் என்பது நம் பல்லாங்குழியின் உறவு. பெரும்பாலும் பக்கத்துக்கு ஏழு குழி. கூடுதலாக இரு முனையிலும் ‘வீடு’ எனப்படும் பெருங்குழி உண்டு. பத்து சென் நாணயத்தை ஒரு சிறுமியின் கையில் வைத்து இதனைச் சொன்னால், அவள் குழிகளை எண்ணத் தொடங்குவாள். அருகிலுள்ள ஆச்சி ஆட்ட விதியைக் கேட்கத் தொடங்குவார். வெற்றிலை போடும் தாத்தாவுக்கு இருபது சென். விலையோ ஒரு மிட்டாய்க்கும் குறைவு. கைம்மாற்றுச் சுமை அறவே இல்லை. பெயரிலாப் பங்கின் பாதியை நாணயங்களாகவே வைக்கலாம். புறப்படுமுன் சில வாரம் கடையில் பெறும் சில்லறையிலிருந்து பொறுக்கி, எலுமிச்சைச் சாறு தொடாமல் சோப்பு நீரில் மட்டும் கழுவித் துடைத்தால் போதும்.

6. தடைகள்

தடை இருவகை: சட்டத் தடை, பெட்டித் தடை.

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி விதை, கன்று, பச்சைக் காய்கனி ஆகியவற்றை உரிய சான்றின்றிக் கொண்டுசெல்ல இயலாது. ஜாதிக்காய்ச் சீவலை எடுத்துக்கொள்ளலாம். முளைக்கத்தக்க கொட்டையை விட்டுவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டுப் பயணப்பொதி விதிகள் இந்திய வம்சாவளிப் பயணிக்கு 50,000 ரூபாய் வரையிலும், பிற வெளிநாட்டுப் பயணிக்கு 15,000 ரூபாய் வரையிலும் பொருளைத் தீர்வையின்றி அனுமதித்தன. இவ்வரம்புகள் காலந்தோறும் திருத்தப்படுவன ஆதலின், புறப்படுமுன் நடப்பு விதியைப் பார்க்க வேண்டும். சிறுகொடை இவ்வரம்பை எட்டுவது அரிது. ஆனால் ஒரே தைலம் ஐம்பது குப்பி கடை அட்டைப்பெட்டியோடு இருந்தால் வணிகச் சரக்கெனத் தோன்றும்.

100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியிலுள்ள நீர்மத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள். சிறு குப்பியானாலும் தைலத்தைப் பெரிய பெட்டியில் வைப்பதே நன்று: மூடியின் கழுத்தைச் சுற்றி நாடா ஒட்டி, நெகிழிப் பையில் முடிந்து, சாரோங்கின் மடிப்புக்குள் செருகினால் கசியாது. தைலத்தையும் பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது. குப்பி கசியாவிட்டாலும் மணம் ஏறிவிடும்.

7. தெரிவின் படிநிலைகள்

முதலில் பெயர்ப் பட்டியல். அங்குள்ள நெருங்கிய ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு, பிறந்தவர், மணமாகி வந்தவர், மறைந்தவர் எனத் திருத்திக்கொள்ள வேண்டும். மறைந்தவர் பெயரைச் சொல்லிப் பொருளை நீட்டுவது அவ்வீட்டாருக்குப் பெருந்துயர். இரண்டாவதாக, படிதோறும் ஒரு பொருளைக் குறித்தல். மூன்றாவதாக, பெயரிலாப் பங்கை ஒதுக்குதல். இம்மூன்றும் முடிந்த பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும். இடையில் விமானப் பொதியின் எடை வரம்பைப் பார்த்து, குறைக்க வேண்டி வந்தால் கனமான உண்பொருளைக் குறைக்க வேண்டுமேயன்றி ஆளைக் குறைக்கலாகாது. கெடும் பண்டங்களைக் கடைசி இரண்டு நாளில் வாங்கிப் பெட்டியின் அடியில் அச்சிட்ட நாளைப் பார்த்துக்கொள்வது போதும்.

8. வழங்கும் முறை

பொருள் சரியாக அமைந்தும் வழங்கும் முறையால் கெடுவதுண்டு. பயணி தாமே கூடத்தின் நடுவில் அமர்ந்து பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பது தகாது. பரிசளிப்பு விழாவின் தோற்றம் வந்துவிடும். வந்த மாலையே அவ்வீட்டு மூத்த பெண்மணியிடம் முழுவதையும் ஒப்படைத்து, “அத்தை, நீங்களே பாத்துக் குடுங்க” என்று விடுவதே நல்வழி. யாருக்கு எது தேவை, எந்த வீட்டில் எவ்வளவு பிள்ளைகள், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். பகிரும் உரிமை அவரிடம் செல்லும்போது, கொடுத்த பெருமையும் அவ்வீட்டுக்கே சேர்கிறது. நாணயங்களும் சில பொட்டலங்களும் மட்டும் நம் கைப்பையில் இருக்கலாம். வழியில் எதிர்ப்படுபவருக்கு அவை உதவும்.

திரும்பி வந்ததும், யாருக்கு எது சென்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இது மொய்க் கணக்கன்று; திரும்பப் பெறுவதற்காக எழுதப்படுவதன்று. அடுத்து அவ்வூருக்குப் போகிறவர் பெரும்பாலும் தம்பியாகவோ அக்கா மகளாகவோ இருப்பார். எந்த வீட்டில் தைல வாடை ஒத்துக்கொள்ளவில்லை, எந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நோய், எந்தச் சிறுமி சொங்காக் ஆட்டத்தின் மீதி விதிகளைக் கேட்டு விடை பெறாமல் நிற்கிறாள் என்பன அவருக்கு அதிலிருந்தே தெரிய வரும்.